வெட்டிய மரமும் மடங்காத காலும்

பாண்டிச்சேரி
29.9.87

மாமா அவர்களுக்கு,

பகலவன் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. கடலூர் ஜெயிலில் வேளைக்குச் சோறு போடுகிறார்கள் என்று அக்கா வந்து சொல்லிவிட்டுப் போனாள். களமருதூரில் உழுது சாப்பிட்ட மனிதருக்கு உட்கார்ந்து சாப்பிட ஒரு வழி பிறந்ததே, சந்தோஷம்.

நான் எப்படி இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்தேன் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதில் பாதி பொய்யாக இருக்கும். அதனால் நானே எழுதுகிறேன். இட ஒதுக்கீடு கேட்டு உங்கள் சங்கம் நடத்திய சாலை மறியலின் மூன்றாம் நாள் விடியற்காலை, கள்ளக்குறிச்சியிலிருந்து ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் களமருதூருக்கு வந்துகொண்டிருந்தேன். எலவனாசூர்கோட்டை வரைக்கும் எங்கெங்கே மரம் கிடக்கிறது, எந்த வரப்பில் இறங்கிச் சுற்றி வருவது என்பதெல்லாம் விசாரித்து வைத்திருந்தேன். அதற்கு அப்பால் ரோடு சுத்தம் என்று முதல் நாள் சாயங்காலம் அந்த வழியாக வந்தவர் சொன்னார். நம்பி வேகமாக வந்தேன். உங்கள் அய்யனார் கோயில் வளைவில் திரும்பினால், முதல் நாள் வரை நின்றுகொண்டிருந்த புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருந்தது. வண்டிக்கும் மரத்துக்கும் நடுவில் என் இடது கால் மாட்டிக்கொண்டது.

அந்த மரத்தை வெட்டியது உங்கள் கோஷ்டி என்று ஊரே சொல்கிறது.

முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பின் தலை தட்டு மாதிரி பரந்திருக்குமாம். தொடை எலும்பு அதன் மேல்தான் உட்கார்கிறது. என் தட்டு ஒரு பக்கம் பிளந்து, நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது என்று டாக்டர் படத்தை விளக்கில் காட்டிச் சொன்னார். நிமிர்த்தித் தகடு வைத்து முடுக்க வேண்டும். ஆனால் உடனே முடியாது. ரோடு திறக்கும்வரை என்னைக் கயிற்றுக் கட்டிலிலும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகத் தூக்கி வந்ததில் கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. தோலெல்லாம் கொப்புளம். வீக்கம் வடிந்து தோல் சுருங்கினால்தான் கத்தி வைப்பார்களாம். அதுவரை குதிகாலில் கம்பி குத்தி, கயிறு கட்டி, மணல் பையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

உங்கள் சங்கத்துக்கு என் பங்காக ஒரு முழங்கால் கொடுத்திருக்கிறேன். ரசீது வேண்டாம்.

பகலவன்


கடலூர் ஜெயில்
6.10.87

மச்சான் பகலவனுக்கு,

சின்னதுரை எழுதிக்கொண்டது. உன் கடுதாசி வந்தது. ஜெயிலர் பிரித்துப் படித்துவிட்டு, "உன் மச்சினன் நல்லா படிச்சவன் போலக்குதே" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். அதைப் படித்து உன்னை மெச்சிய ஆள் அவர் ஒருத்தர்தான்.

ஊர் எதற்குச் சொல்ல வேண்டும், நானே சொல்கிறேன். மரத்தை நாங்கள்தான் வெட்டினோம். முதல் வெட்டு என்னுடையது. என்ன செய்வாய்? மறியலில் போலீஸ் சுட்டு எங்கள் ஆட்கள் செத்துப் போனார்கள். அந்த வீடுகளில் இன்னும் அடுப்புப் பற்றவில்லை. அதைப் பற்றி ஒரு வரி எழுத உனக்கு மை இல்லை. ஒரு முழங்காலுக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதத் தெரிகிறது. உன் பிள்ளையும் என் பிள்ளையும் நாளைக்குக் காலேஜில் இடம் கேட்டுப் போகும்போது, இந்த மரம் வெட்டியவன் வாங்கிக் கொடுத்த ஒதுக்கீட்டில்தான் போய் உட்காரும். நீ மேலே ஏறிவிட்டாய், அதனால் ஏணியை எட்டி உதைக்கிறாய்.

இன்னொன்று கேட்கிறேன், அதற்கு நேராகப் பதில் சொல். ஆடி விருந்துக்கு என் வீட்டுக்கு வந்து, என் இலையில் சாப்பிட்டுக்கொண்டே, கோடரி தூக்கியவனுக்கெல்லாம் கோட்டையில் வேலை கிடைக்குமா என்று கேட்டவன் நீ. இனி என் வீட்டுப் படி ஏறாதே என்று அன்றைக்கே சொன்னேன். அப்படிப்பட்டவன், ஊர் உலகமே அடைத்துக் கிடந்தபோது, விடிந்தும் விடியாமல் என் ஊர்ப் பக்கம் வருவானேன்? ரோடு சுத்தம் என்று உனக்குச் சொன்னவன் எவன்? நீ விழுந்த மறுநாள் போலீஸ் வந்து எங்களை அள்ளிக்கொண்டு போனது. இங்கே என்னோடு இருக்கிறவர்கள் ஒரே வாயாகச் சொல்கிறார்கள். "உன் மச்சான் காட்டிக் குடுக்கத்தான் வந்துகினு இருந்திருக்கான். அய்யனாரே காலை ஒடிச்சிட்டாரு." நான் இல்லை என்று சொல்லவில்லை.

கத்தி வைக்க விடாதே. ரிஷிவந்தியம் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளைக்கருவும் வைத்து என் காளைக்கே கட்டி ஏரில் பூட்ட வைத்தவர். நீ என்ன காளையைவிட ஒசத்தியா?

சின்னதுரை


பாண்டிச்சேரி
17.10.87

மாமா அவர்களுக்கு,

கத்தி வைத்தாகிவிட்டது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். விழித்துக்கொண்டே கிடந்தேன். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் தச்சுப் பட்டறைச் சத்தம் கேட்டது. தட்டினார்கள், துளைத்தார்கள், திருகினார்கள். பள்ளம் விழுந்த எலும்பைக் கீழிருந்து நெம்பி மேலே தூக்கினார்களாம். தூக்கிய இடத்துக்கு அடியில் பொந்து விழுமே, அதை அடைக்க என் இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் சுரண்டி எடுத்தார்கள். அப்புறம் பக்கத்தில் தகடு வைத்துத் திருகாணி போட்டு முடுக்கினார்கள். இப்போது முழங்காலைவிட இடுப்புதான் அதிகம் வலிக்கிறது.

உங்கள் வைத்தியரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். காளைக்கு ஒரு கால் கோணலாகக் கூடினாலும் மிச்சம் மூன்று கால் இருக்கிறது. எனக்கு அந்த வசதி இல்லை.

ஏன் வந்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். ரோடு அரசாங்கத்து ரோடு, அதனால் வந்தேன். காட்டிக் கொடுப்பதற்கு உங்களிடம் என்ன ரகசியம் இருக்கிறது? பத்து ஊருக்குக் கேட்கிற மாதிரி மரம் வெட்டினீர்கள். வெட்டியவர்கள் பெயரை வெட்டியவர்களே டீக்கடையில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். போலீஸுக்கு நான் வேறு வேண்டுமா?

செத்தவர்களுக்கு நான் அழவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? அதில் ஒருவன் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவனைப் பற்றி உங்களுக்கு எழுத எனக்கு விருப்பமில்லை. அவன் பெயரையும் நீங்கள் மேடை போட்டுக் கத்திவிடுவீர்கள்.

மூன்று மாதம் இந்தக் கால் தரையில் பாரம் தாங்கக் கூடாதாம். ஆனால் முழங்காலை மட்டும் இப்போதே மடக்கி நீட்டப் பழக வேண்டுமாம். டாக்டர் உத்தரவு.

பகலவன்


கடலூர் ஜெயில்
30.10.87

மச்சானுக்கு,

தீபாவளி ஜெயிலிலேயே கழிந்தது. கையில் ஒரு அதிரசம் கொடுத்தார்கள், அது கல் மாதிரி இருந்தது. உன் நினைவு வந்தது.

காலை ஊன்றாதே, ஆனால் மடக்கு என்று சொன்னானா உன் டாக்டர்? இடுப்பு எலும்பைப் பிடுங்கி முழங்காலில் சொருகினானா? கூரை ஓட்டைப் பிடுங்கி மாட்டுக் கொட்டகையை மூடின கதையாக இருக்கிறது. இங்கே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தோம்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்சவள்ளி மனு போட்டு என்னைப் பார்க்க வந்தாள். ஜாமீன் எப்போது, அறுப்பு என்ன ஆகும், எதுவும் கேட்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ரம்யாவுக்கு மாசியோட மூணு வயசு முடியுது. அதுக்குள்ள காது குத்தணும். என் தம்பி மடியில்லாம என் பொண்ணு காதுல ஊசி ஏறாது" என்றாள். அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டாள். இந்த வயதை விட்டால் அடுத்த ஒற்றைப்படையான ஐந்தாம் வயதில்தான் குத்துவார்கள் என்பது உனக்கும் தெரியும். அதுவரைக்கும் பிள்ளை மூளிக் காதோடு நிற்க வேண்டும்.

உன் மடியில் என் மகள் உட்கார வேண்டும் என்று நான் தவம் கிடக்கவில்லை. வழக்கம் அப்படி. அம்சவள்ளிக்கு இன்னொரு தம்பி இருந்திருந்தால் உனக்கு இந்தக் கடுதாசியே வந்திருக்காது. அய்யனார் எதிரே சம்மணம் போட்டு உட்கார உன்னால் முடியுமா முடியாதா? அதை மட்டும் எழுது. வியாக்கியானம் வேண்டாம்.

சின்னதுரை


கள்ளக்குறிச்சி
24.11.87

மாமா அவர்களுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரி ராஜாம்பாளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, உங்க மாமா கேக்கறாரா திட்றாரா என்றாள். எனக்கும் தெரியவில்லை.

காட்டிக் கொடுக்கிறவன் மடியில் உங்கள் மகளை உட்காரவைக்க உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? என் பெயர் வேண்டாம், என் பேச்சு வேண்டாம், நான் உங்கள் படி ஏறவும் வேண்டாம், மடி மட்டும் வேண்டும். அதைத் தனியாகக் கழற்றி அனுப்ப முடியாது. பகலவன் போலீஸுக்கு ஆள் இல்லை என்று, அங்கே உங்களோடு சிரித்தார்களே, அவர்கள் எதிரில் உங்கள் வாயால் சொல்லுங்கள். பிறகு காதுகுத்தைப் பற்றிப் பேசலாம்.

கால் பத்திரமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மீசை முளைக்காத ஒரு டாக்டர் பையன் தினமும் வந்து, மடக்குங்க சார் மடக்குங்க சார் என்று உயிரை எடுத்தான். இரண்டு தரம் மடக்கினேன். உயிர் போய்த் திரும்பி வந்தது. தகடு கழன்றுவிட்டால் அவனா வந்து நிற்கப் போகிறான்? பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் எடுக்கிறவன் நான். ஒட்டவைத்த பாத்திரத்தைப் பசை காயும் முன் ஆட்டக் கூடாது என்பது குழந்தைக்கும் தெரியும். வீட்டுக்கு வந்ததும் ராஜாம்பாள் பழைய வேட்டியைக் கிழித்து, இரண்டு பக்கமும் மூங்கில் பத்தை கொடுத்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை இறுக்கிக் கட்டிவிட்டாள். இப்போது ஆடாமல் அசையாமல் இருக்கிறது. வலியும் கம்மி.

வெள்ளிமலையிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் ஒரு பாட்டில் மலைத்தேனோடு வந்து பார்த்தார். "மலைப் பள்ளிக்கூடம்ங்க, ஏறி எறங்கற கால் வேணும்ங்க" என்று இழுத்தார். என்னை அங்கிருந்து கிளப்பிவிட நூல் விட்டுப் பார்க்கிறார். மலைக்கு யாரும் வர மாட்டேன் என்றபோது கேட்டு வாங்கிக்கொண்டு போனவன் நான். தேனை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பகலவன்


களமருதூர்
16.12.87

வாத்தியாருக்கு,

ஜாமீனில் வந்துவிட்டேன். வந்ததும் வராததுமாக உன் அக்கா அழுகையில்தான் கால் வைத்தேன்.

உன்னோடு அவளும் ஆஸ்பத்திரிக்கு வந்தாளாமே. மூங்கில் பத்தையைப் பார்த்ததும் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாராமே. எலும்பு ஒழுங்காகக் கூடி வருகிறது, மூட்டுதான் இறுகிப்போய்விட்டது, இனியும் மடக்காமல் கிடந்தால் மயக்க மருந்து கொடுத்து நாங்கள்தான் மடக்க வேண்டும், அதில் எங்காவது ஒடிந்தாலும் ஒடியும் என்றாராமே. "என் தம்பி கால் ஒலக்கையாட்டம் நீட்டிக்கினு கெடக்குது" என்று அவள் சொல்லிச் சொல்லி அழுகிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கொல்லைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

நான் சொன்ன கட்டு வேண்டாம் என்று கத்தி வைத்துக்கொண்டாய். கத்தி வைத்தவன் சொன்னது வேண்டாம் என்று, அதன் மேல் கட்டையும் போட்டுக்கொண்டாய். ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்பார்கள். உனக்கு இருப்பதே ஒரு நல்ல கால்தான். இந்த அழகில் விஞ்ஞானம் வேறு எடுக்கிறாயாம். மலைப் பிள்ளைகள் பாவம்.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ மடக்க மாட்டாய். வலிக்குப் பயந்தவன் நீ. உனக்கு இருக்கிற வீரமெல்லாம் வாயோடு சரி, அது கழுத்துக்குக் கீழே இறங்கினதே இல்லை. பொங்கலுக்குள் அந்தக் காலை மடக்கிக் காட்டு, நான் மீசையை எடுத்துக்கொள்கிறேன். இது என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இருக்கிற மீசை. அதற்கு ஒரு ஆபத்தும் வராது என்று தெரிந்துதான் பந்தயம் கட்டுகிறேன்.

சின்னதுரை


கள்ளக்குறிச்சி
12.1.88

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே கட்டை அவிழ்த்தேன். உங்களுக்காக அல்ல. உங்கள் மீசையைப் பல வருஷமாகப் பார்த்துச் சலித்துவிட்டது.

மடக்குவது என்றால் என்னவென்று சொல்கிறேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட வேண்டும். அது தொங்காது. வெட்கமில்லாமல் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். நல்ல காலை அதன் கணுக்கால் மேல் போட்டு, கீழே கீழே அழுத்த வேண்டும். வலி முழங்காலில் புறப்பட்டுப் பல்லில் வந்து முடியும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் உங்களை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். வார்த்தை தீர்ந்து போனபோது முதலிலிருந்து ஆரம்பித்தேன். ராஜாம்பாள் ஜன்னலைச் சாத்திவிட்டு, "உங்க மாமா பேரச் சொன்னாதான் மடங்குது, சொல்லுங்க" என்றாள்.

மார்கழியில் முதலமைச்சர் இறந்து பஸ் ஓடாமல் போனதில் ஆஸ்பத்திரிக்குப் போவது தள்ளிப்போயிற்று. போன வாரம் போனேன். தகடு நகரவில்லை, எலும்பு கூடிவிட்டது, ஊன்றுகோலோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் வைக்கலாம் என்றார்கள். முழங்கால் நாற்காலியில் உட்காரும் அளவுக்கு மடங்குகிறது. அதோடு நின்றுவிட்டது. டாக்டரைக் கேட்டேன். பழகப் பழக இன்னும் கொஞ்சம் வரலாம், சம்மணத்துக்கு நான் உறுதி சொல்ல முடியாது என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மாமா. இதைப் போயும் போயும் உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறதே என்று அவமானமாகவும் இருக்கிறது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏற்றம். மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகளோடு தரையில் உட்காருவேன், அதற்காகத்தான் அவர்கள் என்னிடம் பேசவே ஆரம்பித்தார்கள். இனி நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கக்கூஸில் குந்த முடியவில்லை. ராஜாம்பாள் ஒரு நாற்காலியின் நடுப்பலகையை அறுத்து வைத்திருக்கிறாள். முப்பத்திரண்டு வயதில் எனக்கு இது.

அய்யனார் எதிரே யாரும் நாற்காலியோ பெஞ்சியோ போட்டு உட்காரக் கூடாது, சாமிக்குச் சரிசமமாகிவிடும், மண்ணில்தான் உட்கார வேண்டும் என்பது உங்கள் கோயில் கட்டுப்பாடு. என்னால் மண்ணில் உட்கார முடியாது. ஆகவே வேறு மடி பாருங்கள். அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்குத் தைரியம் இல்லை.

மீசையைப் பற்றிக் கவலை வேண்டாம். பாதிதான் மடங்கியது. வேண்டுமானால் ஒரு பக்கம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பகலவன்


களமருதூர்
2.2.88

பகலவா,

நீ மனுசன்தானா?

பக்கத்து வீட்டுக் கண்ணாயிரம் நேற்றுக் களத்தில் உன் காலைப் பற்றி விசாரித்தான். சொன்னேன். கேட்டுவிட்டுக் கண் கலங்கினான். "ரோடு சுத்தம்னு நான் சொல்லாம இருந்தா வாத்தியாரு மெதுவா வந்திருப்பாரு" என்றான். நீ எதுக்குடா அவனிடம் போனாய் என்று கேட்டேன். நழுவப் பார்த்தான். பிடித்து நிறுத்தி வாயைத் திறக்க வைத்தேன்.

நேராக வீட்டுக்கு வந்து உன் அக்காவைக் கேட்டேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவே இல்லை. நீ விழுந்ததற்கு முதல் நாள் ரம்யாவுக்கு ஜுரம் ஏறி, கண் செருகி, வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. நான் வீட்டில் இல்லை. எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும். கண்ணாயிரம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மரங்களைத் தாண்டி உன்னிடம் வந்திருக்கிறான். நீ வண்டியில் வந்து பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதாகப் பேச்சு. விடிந்தும் உன்னைக் காணவில்லை என்று அவளே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எலவனாசூர்கோட்டைக்கு நடந்திருக்கிறாள். அய்யனார் கோயில் வளைவில் மரத்தின் மேல் ஏறி இறங்கப் போனால், கீழே நீ கிடக்கிறாய். "என்னை வுடுக்கா, கொழந்தையத் தூக்கினு ஓடு" என்று சொன்னாயாமே. அவளும் உன்னை விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். கோட்டையில் கம்பவுண்டர் ஊசி போட்டுப் பிள்ளை கண் திறந்த பிறகுதான் உனக்கு ஆள் அனுப்பியிருக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "படி ஏறக் கூடாதுன்னு சொன்னவனுக்கு ஆள் அனுப்பினியான்னு நீங்க என்னை வெட்டியிருப்பீங்க. நான்தான் அவன் வாயக் கட்டினேன்" என்றாள்.

அவளாவது என் வாய்க்குப் பயந்தவள். உனக்கு என்ன கேடு? உன்னைக் காட்டிக் கொடுக்கிறவன் என்று எழுதினேன். நீ ரோடு அரசாங்கத்து ரோடு என்று பதில் எழுதுகிறாய். ஜெயிலில் அத்தனை பேர் நடுவில் உன் கடுதாசியைப் படித்துச் சிரித்தேன். ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். எழுதாமல் என்னைக் கோமாளியாக்கி உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறாய். நல்லது செய்ததைக்கூட வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஜென்மம். உன்னை மாதிரி ஆளோடு எந்த மனுசன் உறவு வைப்பான்? ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மரத்தின் மேல் அவள் பிள்ளையோடு ஏறுகிறதே எனக்குக் கண்ணில் நிற்கிறது.

காலையில் கோயிலுக்குப் போனேன். மரத்தின் கிளையெல்லாம் ஊர் அடுப்புக்குப் போய்விட்டது. அடிமரத்தை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை. ஹைவேஸ்காரன் ரோட்டை விட்டு ஓரமாகப் புரட்டிச் சாமி எதிரிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். உட்கார்ந்து பார்த்தேன். சரியாக நாற்காலி உயரம். காலைத் தொங்கவிடலாம். பூசாரி, அது ஆவாது, ஆசனம் மாதிரி என்றார். நான் சொன்னேன். "நாற்காலிதான் ஆவாது. இது சாமி எதிர்ல மொளச்சி சாமி எதிர்ல சாஞ்ச மரம். மண்ணுல கெடக்கறது மண்ணுதான். அதுல குந்தினா இன்னா? வெட்டினவன் நான், பாவம் வந்தா எனக்கு வரட்டும்." அவர் தலையைச் சொறிந்துவிட்டுச் சரி என்றார்.

மாசி மாதம் முதல் வெள்ளிக்கிழமை. வந்தால் வா. வராவிட்டால் உன் தகடும் திருகாணியும் துருப்பிடித்துப் போகட்டும்.

சின்னதுரை


கள்ளக்குறிச்சி
8.2.88

மாமா அவர்களுக்கு,

வருகிறேன். உங்களுக்காக வரவில்லை. அக்காவுக்காகவும் ரம்யாவுக்காகவும் வருகிறேன். உங்கள் அரசியலைப் பற்றி நான் ஆடியில் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. அங்கே வந்தும் சொல்லுவேன்.

உங்கள் மரத்திலேயே என்னை உட்கார வைக்க உங்களால்தான் முடியும். வேறு எவனுக்கும் இவ்வளவு கெட்ட புத்தி வராது.

வாடகைக் கார் பேசியிருக்கிறேன். கண்ணாயிரத்தை முன்னாலேயே சைக்கிளில் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ரோடு சுத்தமா இல்லையா என்று இந்தத் தரம் அன்று காலையிலேயே பார்த்துச் சொல்லட்டும்.

பகலவன்


களமருதூர்
25.2.88

மச்சானுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? கார்க்காரன் ஒழுங்காக ஓட்டினானா?

நீ போன பிறகு பூசாரி வந்து, "வாத்தியாரு மரத்து மேல குந்தினது நல்லாத்தான் இருந்துச்சிங்க" என்றார். ஊரில் இனிமேல் கால் வராத கிழவர்களெல்லாம் அதில் உட்கார்ந்துதான் சாமி கும்பிடுவார்கள் போலிருக்கிறது. அடிமரத்தை எடுக்க ஹைவேஸ்காரன் வந்தால் மறியல் செய்வது என்று முடிவு பண்ணியிருக்கிறோம். சிரிக்காதே.

மீசையில்லாத என் மூஞ்சியைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. ரம்யாவுக்கு மொட்டை போட வந்தவனிடம் நான் முகத்தைக் காட்டியபோது நீ தடுப்பாய் என்று நினைத்தேன். ஒரு பக்கத்தோடு நிறுத்து என்றாவது சொல்வாய் என்று பார்த்தேன். குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாய். ஜெயிலில் என்னோடு இருந்தவர்களை எதற்குப் பந்திக்குக் கூப்பிட்டேன் என்று அம்சவள்ளி சண்டை போட்டாள். என் மச்சான் எந்தப் போலீஸுக்கும் ஆள் இல்லை என்று அவர்களிடம் சொல்லத்தான் கூப்பிட்டேன். எல்லார் எதிரிலும் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டு இலையைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உன் திமிர் எனக்குத் தெரியும்.

நகை செய்யும் பத்தர் ஊசியை ஏற்றினபோது ரம்யா துள்ளி உன் இடது முழங்காலிலேயே உதைத்தாள். பார்த்துக்கொண்டுதான் நின்றேன். உனக்கு முகமெல்லாம் வேர்த்துப் போனது, பிடியை விடவில்லை, சத்தமும் போடவில்லை. நான்தான் கத்திவிட்டேன். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது.

இப்போது வலி இருக்கிறதா என்று உன் அக்கா கேட்கச் சொன்னாள். உடனே பதில் போடு. அவளுக்குத்தான்.

சின்னதுரை